மைத்துனர் நால்வர்

1854-ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள். கருங்கடலின் வடபாலுள்ள கிரிமியாவிலே பாலகிளாவா எனும் சிற்றூர். அதனை அடுத்து ஒரு பள்ளத்தாக்கு. இருமருங்கும் மேட்டு நிலம். மேட்டிலே ரஷ்யப் பீரங்கிகள். பள்ளத்தாக்கின் கோடியிலே மற்றொரு பீரங்கி வரிசை. மூன்று புறமும் நெருப்பு வாய்கள் திறந்து நிற்க, நடுவே சுமார் 670 பிரிட்டிஷ் குதிரை வீரர் பாய்ந்து சென்றனர். இருபது நிமிடம், அவ்வளவுதான். 100 பேருக்கு மேல் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் காயமுற்று வீழ்ந்தனர்.

"என்னே வீரம்!" என்று பாடினர் புலவர். ஆம், வீரம்தான், எவர் மறுப்பர்? ஆனால் வீரம் மடிந்தவனுடையது. மடமை யாருடையது? அதைக் கேட்பதற்கே வரலாறு இருக்கிறது.

மேட்டில் நின்ற தலைமைத் தளபதி ராக்லன் பிரபு எண்ணியது ஒன்று. பள்ளத்தில் நின்றவர் புரிந்துகொண்டது வேறொன்று. குதிரைப்படை முழுவதற்கும் தலைவர் லூக்கன் பிரபு. அவருக்குக் கீழே, பாய்ந்து அழிந்த அந்தப் பிரிவுக்குத் தலைவர் கார்டிகன் பிரபு. லூக்கன், கார்டிகனின் தங்கையை மணந்தவர். மைத்துனர்கள்! ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் காணச் சகியாத மைத்துனர்கள். 'இந்தக் கட்டளையின் பொருள் யாது? இருவரும் கலந்து பார்ப்போம்' என்று மனம்விட்டு ஐந்து நிமிடம் பேசியிருந்தால், அந்த அறுநூற்றுச் சொச்சம் பேரும் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும். பேசவில்லை. பிரபுக்களின் பிணக்குக்குப் பாட்டாளி வீட்டுப் பிள்ளைகள் பலியாயினர்.

இந்த இருவரும் அந்த உயர்பதவிக்கு எப்படி வந்தனர்? களம் பல கண்டா? கல்வி பல கற்றா? இல்லை. காசு கொடுத்து வந்தனர்!

வியப்படைய வேண்டாம். அன்று பிரிட்டிஷ் படையில் அதிகாரிப் பதவிக்கு, அரசே குறித்த விலை உண்டு. காலாட்படையில் கடைநிலை அதிகாரியாக 450 பவுன். கேப்டன் பதவிக்கு 1,800 பவுன். லெப்டினென்ட் கர்னல் பதவிக்கு 4,500 பவுன். குதிரைப்படையானால் விலை இன்னும் உயர்வு. லெப்டினென்ட் கர்னலுக்கு 6,175 பவுன். இது வெளிச்சத்தில் வைத்த விலை. மறைவில் கைமாறியது இதற்கு மேல். வீடு விற்பதுபோல், மாடு விற்பதுபோல், பட்டாளத்து வீரரின் உயிர்மீது ஆணை செலுத்தும் உரிமை விற்கப்பட்டது, வாங்கப்பட்டது.

கார்டிகன் படையில் சேர்ந்தது 1824-இல். அப்போது வயது 26. ஆறே ஆண்டுகளில், 1830-இல், லெப்டினென்ட் கர்னல்! 1832-இல் ஒரு குதிரைப்படைக்குத் தலைவரானார். கீழிருந்த அதிகாரி ஒருவரிடம் முறைகேடாக நடந்ததற்காக 1834-இல் அந்தத் தலைமை பறிக்கப்பட்டது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அரண்மனைச் செல்வாக்கு இருந்தது. அளவற்ற செல்வம் இருந்தது. 1836-இல் மற்றொரு படைக்குத் தலைவராக வந்து அமர்ந்தார். அதற்கு அவர் 40,000 பவுன் கொட்டினார் என்று ஊர் பேசிற்று. கிரிமியாவிலும், வீரர்கள் குளிரில் கூடாரத்தில் கிடக்க, அவர் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த தமது சொந்த உல்லாசப் படகிலே உறங்கினார்.

அதே நாள், அதே பாலகிளாவாவில், மற்றொருவர் நின்றார். பெயர் காலின் காம்பெல். கிளாஸ்கோ நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன். 1808-இலேயே படையில் சேர்ந்தவர். கார்டிகன் ஆறு ஆண்டுகளில் எட்டிய லெப்டினென்ட் கர்னல் படியை எட்ட அவருக்கு 24 ஆண்டுகள் ஆயின. அதுவும் பணம் கட்டித்தான்! அன்று காலை ரஷ்யக் குதிரைப்படை துறைமுகத்தை நோக்கி வந்தபோது, ஒரு மெல்லிய காலாட்படை வரிசையை நிறுத்தி அதைத் திருப்பி அனுப்பியவர் அந்தத் தச்சர் மகன். ஒரே களம், ஒரே நாள், இரு காட்சிகள். களத்தில் வளர்ந்தவன் காத்தான். காசில் வளர்ந்தவன் கெடுத்தான்.

இன்னொன்றும் நோக்குக. பீரங்கிப் படையிலும், பாலமும் அரணும் கட்டும் பொறியாளர் படையிலும் மட்டும் அந்நாளிலும் பதவி விற்பனை கிடையாது. கற்றுத் தேறியவரே அங்கே அதிகாரியாகலாம். ஏன்? கணக்கறியாத பிரபு பீரங்கியைத் திருப்பினால் குண்டு எங்கே விழும் என்பது ஆண்டோருக்குத் தெரியும்! எங்கே திறமை வேண்டும், எங்கே குலப்பெருமை போதும் என்பதை அவர்கள் அறியாதவரல்லர். அறிந்தே செய்தனர்.

இந்த ஏல முறைக்கு வக்காலத்து வாங்க ஆளில்லையா? இருந்தனர். நெப்போலியனை வென்ற வெல்லிங்டனே அதை ஆதரித்தார். சொத்தும் குடிப்பிறப்பும் உடையவரே நாட்டின்மீது பற்றுடையவர். அத்தகையோர் அதிகாரிகளாக இருந்தால்தான் படை ஒழுங்காக இருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த இடத்திலே சற்று நின்று சிந்திக்க வேண்டும். சலுகை பெறுகிறவன் ஒருநாளும் 'நான் சலுகை பெறுகிறேன்' என்று சொல்லமாட்டான். 'என் பிறப்பே ஒரு தகுதி, என் செல்வமே ஒரு திறமை' என்றுதான் சொல்வான். சலுகைக்குத் தகுதியென்று பெயர் சூட்டுவதே ஆதிக்கத்தின் முதல் வேலை.

1871-இல் கிளாட்ஸ்டன் ஆட்சியிலே, போர் அமைச்சர் கார்ட்வெல் இந்த விற்பனையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். மக்கள் சபை ஏற்றது. பிரபுக்கள் சபை முட்டுக்கட்டை போட்டது. அரசியின் ஆணை ஒன்றைக் கொண்டு அமைச்சரவை அதை ஒழித்தது. ஒழித்தபோதும், பதவியை விலைக்கு வாங்கியிருந்தவர்களுக்கு மக்கள் வரிப்பணத்திலிருந்து ஈடு கொடுக்கப்பட்டது! உழைத்தவனுக்கு மறுத்த உரிமைக்கு ஈடு இல்லை. விலைக்கு வாங்கியவனுக்கு ஈடு உண்டு. சலுகை சாகும்போதும் கூலி கேட்டுவிட்டே சாகும்.

இது முதல் இரு மைத்துனர் கதை. இனி, மற்ற இருவர்.

ஒருவர் மெக்காலே. மற்றவர் சார்லஸ் டிரெவிலியன். மெக்காலேயின் தங்கையை மணந்தவர் டிரெவிலியன். முன்னைய மைத்துனர் இருவர் சலுகையால் உயர்ந்தனர். இந்த மைத்துனர் இருவர் சலுகையின் வேரிலே கோடரி வைத்தனர்.

அந்நாளில் இந்தியாவை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இலண்டனில் 24 டைரக்டர்கள். இந்தியாவில் கலெக்டராக, நீதிபதியாக வரவேண்டிய இளைஞர்களை நியமிக்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. மகனுக்கு ஒன்று, மருமகனுக்கு ஒன்று, தேர்தலில் உதவிய நண்பனின் தம்பிக்கு ஒன்று என்று வழங்கினர். அப்படி வந்தவர்களே தஞ்சையையும் நெல்லையையும் ஆண்டனர். 1853-இல் நாடாளுமன்றம் இந்த உரிமையைப் பறித்தது. போட்டித் தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்று 1854-இல் திட்டம் வகுத்தது மெக்காலே தலைமையில் அமைந்த குழு. 1855-இல் முதல் தேர்வு நடந்தது. இங்கிலாந்தின் அலுவலகங்களிலும் சிபாரிசு ஒழிய வேண்டும் என்று, நார்த்கோட் என்பவரோடு சேர்ந்து டிரெவிலியன் எழுதிய அறிக்கை வெளியானதும் அதே 1854-இல்தான். அந்த டிரெவிலியன் 1859-இல் நமது சென்னைக்கே கவர்னராக வந்தவர்.

பெரிய காரியம். ஐயமில்லை. 'யார் மகன் நீ?' என்ற கேள்வி போய், 'என்ன அறிவாய் நீ?' என்ற கேள்வி பிறந்தது. இதைப் பாராட்டாதவன் நன்றி கொன்றவன்.

ஆனால் அந்தக் கேள்வித்தாளைச் சற்று விரித்துப் பார்ப்போம். மெக்காலே குழு வகுத்த திட்டத்தில் கிரேக்க மொழிக்கு 750 மதிப்பெண். இலத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375. அரபுக்கு 375. தமிழுக்கு? சுழி! தமிழ் மக்களை ஆளவருபவன், வருமுன்னர்த் தமிழறிய வேண்டியதில்லை. தேறிய பிறகு கற்றுக்கொள்ளலாம். ஹோமரைக் கற்றிருந்தால் போதும், மதுரைக்குக் கலெக்டராகலாம்!

தேர்வு மண்டபம் எங்கே? இலண்டனில். இங்கிருந்து செல்லக் கப்பல் கட்டணம் வேண்டும். அங்கே தங்கிப் படிக்கப் பெரும்பொருள் வேண்டும். கடல் கடந்தால் சாதி கெட்டுவிடும் என்று வைதிகம் வேறு வழிமறித்தது. அவ்வளவும் கடந்து 1863-இல் முதல் இந்தியராகத் தேறினார் சத்தியேந்திரநாத் தாகூர். செல்வக்குடியிற் பிறந்தவராதலால் இயன்றது. பிறகு சிலர் தேறினர். வயது வரம்போ படிப்படியாக இறங்கி வந்தது. முதலில் 23, பிறகு 22, பிறகு 21, 1878-இல் 19! பத்தொன்பது வயதுக்குள் கடல் கடந்து, அயல்மொழியில் அந்நாட்டுப் பிள்ளைகளோடு போட்டியிட வேண்டும். 1922-இல்தான் அந்தத் தேர்வு இந்திய மண்ணிலும் நடைபெறத் தொடங்கியது. முதல் தேர்வுக்கும் அதற்கும் இடையே 67 ஆண்டுகள்!

சிபாரிசு ஒழிந்தது உண்மை. கதவு திறந்தது உண்மை. ஆனால் கதவைத் திறந்துவைத்து, படியைக் கடலுக்கு அப்பால் கட்டினர். தேர்வு மண்டபத்தில் நடந்தது பாதித் தேர்வு. மீதிப் பாதி, மண்டபத்துக்கு வருமுன்பே நடந்து முடிந்துவிட்டது.

இந்தச் சூட்சுமம் ஆங்கிலேயன் கண்டுபிடித்ததன்று. நமது காஞ்சிக்கு அருகே உத்திரமேரூர் இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, அங்குள்ள சுவரில் நிற்கின்றன. குடவோலை முறை! பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் சுற்றத்தாருக்கும் இடமில்லை. மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவன் மீண்டும் வரக்கூடாது. சிபாரிசுக்கும் உறவுக்கும் இடங்கொடாத எத்துணை நுட்பமான விதிகள்! பெருமைப்படுவோம்.

பெருமைப்பட்டுவிட்டு, அடுத்த வரியையும் படிப்போம். ஓலையில் பெயரெழுத யாருக்கு உரிமை? வரி செலுத்தும் கால் வேலி நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதப் பயிற்சி வேண்டும். ஊரின் பெயரோ சதுர்வேதிமங்கலம். அந்தக் கால் வேலியை உழுதவன் பெயர் ஓலையில் ஏறாது. குடத்துக்குள் கைவிட்ட சிறுவன் நேர்மையானவன். ஆனால் குடத்துக்குள் ஓலை விழுமுன்பே தேர்தல் முடிந்துவிட்டது!

பாலகிளாவாவில் குதிரைகள் பாய்ந்த அதே 1854-ஆம் ஆண்டுக்கு மீண்டும் வருவோம், இம்முறை சென்னைக்கு. கலெக்டர் வெள்ளைக்காரர், வருவார், போவார். கச்சேரியிலே நிலைத்திருப்பவர் சிரஸ்தாரும் குமாஸ்தாவும். மூத்தவர் தம்பியைச் சேர்ப்பார். தம்பி மைத்துனனைச் சேர்ப்பான். மைத்துனன் தன் அக்காள் மகனைச் சேர்ப்பான். குண்டூர்ச் சீமையில் வருவாய் ஏன் குறைகிறது என்று ஆராய அனுப்பப்பட்ட வால்டர் எலியட் 1846-இல் அறிக்கை தந்தார். உறவால் பிணைந்த உத்தியோகஸ்தர் கூட்டம் கச்சேரியை எப்படித் தன் கைக்குள் வைத்திருந்தது என்பது அப்போது அம்பலமாயிற்று. 1854-இல் சென்னை ரெவினியூ போர்டு ஒரு நிலையாணை பிறப்பித்தது. ஜில்லாவின் உத்தியோகங்களைச் செல்வாக்குள்ள சில குடும்பங்களே பற்றிக்கொள்ள விடலாகாது. பல சாதியினருக்கும் அவற்றைப் பகிர்ந்தளிக்க முயலவேண்டும் என்பது அதன் கருத்து.

ஆணை பிறந்தது, ஏட்டிலே உறங்கியது. அறுபது ஆண்டுகள் சென்றன. விளைவைப் பாருங்கள். 1912-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சென்னை மாகாணத்து டிப்டி கலெக்டர்கள் 140 பேரில் 77 பேர் பார்ப்பனர். ஜில்லா முன்சீப்புகள் 128 பேரில் 93 பேர் பார்ப்பனர். மாகாண மக்களிலோ அவர்கள் நூற்றுக்கு மூவர் அளவினர். 1916-இல் வெளியான பார்ப்பனரல்லாதார் கொள்கை அறிக்கை இத்தகைய கணக்குகளையே எடுத்துக்காட்டி நீதி கேட்டது.

அந்த 93 பேரும் அறிவிலிகளா? அல்லர். பலர் கற்றவர், திறமுடையவர். அவர்கள்மீது தனிப்பட நமக்கு வெறுப்பில்லை. கேள்வி அதுவன்று. 1911-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், தமிழ்ப் பார்ப்பன ஆடவரில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் எழுத்தறிந்தவர். உழுதவன், நெய்தவன், தோல் பதனிட்டவன் வீட்டிலே எழுத்தாணி நுழைய வழியில்லை. நுழையக்கூடாது என்று விதியும் செய்திருந்தனர். நூறு தலைமுறை ஓடிப் பழகியவனையும், நேற்று விலங்கு கழற்றப்பட்டவனையும் ஒரே கோட்டில் நிறுத்தி, 'ஓடு, முந்துபவனுக்கே பரிசு' என்பது பந்தயமா? பந்தயத்தின் பெயரால் நடக்கும் பரிகாசம்!

1921 செப்டம்பர் 16-ஆம் நாள், நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி உரிமை ஆணையை வெளியிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உறங்கிக் கிடந்த 1854-ஆம் ஆண்டு நிலையாணையைத் தட்டி எழுப்பி, ரெவினியூ இலாகாவுக்குச் சொன்னதை எல்லா இலாகாவுக்கும் உரித்தாக்கிற்று. எழுந்த கூச்சல் கொஞ்சமா? "தகுதி போச்சு! திறமை போச்சு!" என்றனர். தம்பியையும் மைத்துனனையும் சேர்த்தபோது போகாத தகுதி, தோட்டக்காரன் மகன் படியேறியதும் போய்விட்டதாம்!

இங்கே மறைக்கப்படும் ஓர் உண்மையை உரக்கச் சொல்ல வேண்டும். வகுப்புவாரி உரிமையைக் கொண்டுவந்த அந்த மாகாணம்தான், சிபாரிசை ஒழிக்கும் அமைப்பையும் முன்னின்று கண்டது. 1924-இல் ஊழியர் தேர்வுக்குழு அமைந்தது. 1929-இல் சென்னை சர்வீஸ் கமிஷன் பிறந்தது. மாகாண அளவில் இந்தியாவிலேயே முதலாவது அதுதான். அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் 1927-இல் வகுத்த சுழற்சி முறையில் 12 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. இப்படிப் பங்கு பிரித்தபின், அந்தந்தப் பங்குக்குள் யார் சிறந்தவர் என்பதைத் தேர்வு முடிவு செய்யும். பங்கும் தேர்வும் பகையல்ல, உடன்பிறப்பு. பங்கு இல்லாத தேர்வு பழைய ஆதிக்கத்துக்கு முத்திரை குத்தும். தேர்வு இல்லாத பங்கு புதிய ஆதிக்கத்தைப் பெற்றெடுக்கும்.

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல நாம் கூசலாகாது. நமது வரலாற்றிலேயே அதற்குச் சான்றுண்டு. பார்ப்பனரல்லாதார் என்ற பெரும் பெயரின் கீழ் வந்த நன்மையை, நிலமும் படிப்பும் முன்பே பெற்றிருந்த சிலரே மிகுதியாக அள்ளினர் என்ற குறை எழுந்தது. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் எம். சி. ராஜா மனம் நொந்து 1923-இல் நீதிக்கட்சியை விட்டு வெளியேறினார். 1947-இல் பங்கு 14 இடங்களாக மாற்றி வகுக்கப்பட்டபோதுதான் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே 2 இடம் கிடைத்தது; தாழ்த்தப்பட்டோர் பங்கும் 2 ஆயிற்று. நீதி என்பது ஒருமுறை ஊற்றினால் போதும் விளக்கெண்ணெய் அன்று. எரிய எரிய ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டியது.

1951 ஏப்ரல் 9-ஆம் நாள் உச்சநீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது என்றது. கல்லூரி இடத்துக்காக ஒரு வழக்கு. அதில் மருத்துவக் கல்லூரி இடம் மறுக்கப்பட்டதாக வழக்காடியவர், அக்கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை. அன்றே தீர்ந்த மற்றொரு வழக்கு எந்தப் பதவி பற்றியது தெரியுமா? ஜில்லா முன்சீப்! 128-இல் 93 என்று கண்டோமே, அதே முன்சீப். தமிழகம் கிளர்ந்தெழுந்தது, பெரியார் முழக்கம் டில்லியின் காதில் விழுந்தது. அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அந்த வழியிலே நடந்துதான், 1993-இல் தமிழக சட்டமன்றம் 69 விழுக்காட்டுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1994-இல் அது அரசியல் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இடம் பெற்றது.

வெற்றிதான். ஆனால் வெற்றிக் களிப்பில் ஒன்றை மறக்கலாமா? மாமன் கடிதம் கொண்டு மருமகன் வேலைக்கு வரும் நாளெல்லாம், எந்தச் சாதியார் எழுதிய கடிதமாயினும், கார்டிகன் இன்னும் சாகவில்லை என்றே பொருள். பணப்பெட்டி திறந்து பதவி வாங்கும் இடமெல்லாம் ஒரு பாலகிளாவா காத்திருக்கிறது. கட்டட மேற்பார்வையாளன் பதவியை விலைக்கு வாங்கினால், இடிந்து விழும் கூரையின் கீழ் இருப்பது நம் குழந்தை. ஆசிரியன் பதவியை விலைக்கு வாங்கினால், இருளில் மூழ்குவது முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளை. விலை கொடுத்தவன் வேறு, விலையாகிறவன் வேறு.

ஆகவே, தோழரே, 'தகுதி' என்று எவரேனும் பேசினால் சினம் கொள்ளவேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். கேள்வித்தாளை எழுதியவர் யார்? மண்டபத்துக்குப் போகும் பாதை யார் வீட்டு வழியாகப் போகிறது? ஓலையில் பெயரெழுத எவனுக்கு உரிமையில்லை? அதே மூச்சில், 'நம்மவன்' என்று எவரேனும் சிபாரிசுக்கு வந்தால் அவரிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: 'வரிசையில் நிற்கும் மற்றவன், யாரவன்?'

தச்சர் மகன் காலின் காம்பெல் 24 ஆண்டுகள் காத்திருந்தார். நமது தச்சர் மகனும், குயவர் மகளும் நூற்றாண்டுகள் காத்திருந்தனர். இனியும் அவர்களைக் காக்க வைக்க, பழைய பிரபுவுக்கும் உரிமையில்லை; புதிய பிரபுவுக்கும் உரிமையில்லை.